நெஸ்காக்: பதினொரு கல்லூரிகள் போட்டுக்கொண்ட ஊர்க்கட்டுப்பாடு

கேள்வி இது: சென்னையில் ஸ்குவாஷ் ஆடும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்திக்கு அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் ஒரு சிறு கல்லூரியிலிருந்து பயிற்சியாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். "நாங்கள் நெஸ்காக் கான்பரன்ஸில் ஆடுகிறோம். விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் அட்மிஷனில் உனக்கு ஆதரவு தர முடியும்" என்று எழுதியிருக்கிறாராம். கான்பரன்ஸ் என்றால் என்ன, நம் ஊர் சவுத் ஸோன் மாதிரியா, ஸ்காலர்ஷிப்பே தராதவர் எதற்காக இவ்வளவு தூரம் தேடி வருகிறார் என்று அப்பா கேட்கிறார்.

சவுத் ஸோன் மாதிரி இல்லை. நம் ஏற்பாட்டில் கல்லூரிக்கு விருப்பம் என்று ஒன்றும் கிடையாது. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ அதன் மண்டலப் போட்டியில் ஆட வேண்டும். அதில் கண்ணில் படுகிறவர்களைப் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும், அங்கே தேறினால் அகில இந்தியப் போட்டி. மண்டலம் என்பது வரைபடத்தில் கோடு போட்டு மேலிருந்து கொடுப்பது. வருடத்தில் சில நாட்கள் ஓரிடத்தில் கூடி ஆடிவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

அமெரிக்கக் கான்பரன்ஸை மேலிருந்து யாரும் கொடுப்பதில்லை. சில கல்லூரிகள் தாங்களாகவே சேர்ந்து, சீசன் முழுக்க வாராவாரம் தங்களுக்குள் ஆடிக்கொள்ள ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. சேர வேண்டுமானால் உள்ளே இருப்பவர்கள் கூப்பிட வேண்டும். பிடிக்காவிட்டால் வெளியேறலாம். தேசிய அளவில் 1906-ல் உருவான என்சிஏஏ என்ற அமைப்பு இருக்கிறது. யார் ஆடத் தகுதியுள்ளவர், தேசியச் சாம்பியன்ஷிப்பை எப்படி நடத்துவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. 1973 முதல் உறுப்பினர்களை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தும் வைத்திருக்கிறது, முதல் டிவிஷன்தான் மேல்மட்டம். ஆனால் இந்தச் சனிக்கிழமை நீ இவனோடு ஆடு என்று அது சொல்லாது. அதைச் சொல்வது கான்பரன்ஸ்.

மாநாடு என்று பொருள்படும் சொல்லை ஏன் இதற்கு வைத்தார்கள் என்றால், முதலில் நடந்தது நிஜமாகவே மாநாடுதான். 1895 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைத்ததன்பேரில் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டலில் கூடினார்கள். புட்பால் கைமீறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. (புட்பால் என்று நான் சொல்வதெல்லாம் அமெரிக்கப் புட்பால். நம் கால்பந்தை அங்கே சாக்கர் என்பார்கள்.) வகுப்புப் பக்கமே தலைகாட்டாத ஆட்கள் கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். அதற்குக் கடிவாளம் போடத்தான் கூட்டம். அடுத்த ஆண்டு ஆசிரியப் பிரதிநிதிகள் கூடி அதை ஒரு அமைப்பாக்கினார்கள். அதுதான் இன்றைய பிக் டென். முழுநேர மாணவன் மட்டும்தான் ஆடலாம் என்பது மாதிரியான கட்டுப்பாடுகளோடு பிறந்த அமைப்பு, இன்று தொலைக்காட்சிப் பணத்தில் மிதக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இருக்கும் நெஸ்காக் என்பது நியூ இங்கிலாந்து ஸ்மால் காலேஜ் அத்லெடிக் கான்பரன்ஸ் என்பதன் சுருக்கம். உறுப்பினர்கள் பதினொன்று. மெய்ன் மாநிலத்தில் பேட்ஸ், போடன், கோல்பி. வெர்மான்ட்டில் மிடில்பரி. மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், டஃப்ட்ஸ். கனெக்டிகட்டில் ட்ரினிட்டி, வெஸ்லியன், கனெக்டிகட் காலேஜ். கடைசியாக ஹாமில்டன், அது நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது. நியூ இங்கிலாந்து என்று பேர் வைத்துக்கொண்டு நியூயார்க்கில் ஒரு கல்லூரி எப்படி என்று கேட்காதீர்கள். டஃப்ட்ஸும் 'சிறு கல்லூரி' என்ற அளவைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. பிக் டென்னில் இப்போது பதினெட்டுப் பேர். கான்பரன்ஸ் பெயர்களை அர்த்தம் பார்த்துப் படிக்கக் கூடாது.

இவர்களில் சிலருக்குள் உறவு மிகப் பழையது. அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் பேஸ்பால் ஆட்டம் 1859 ஜூலை 1-ம் தேதி ஆம்ஹர்ஸ்டுக்கும் வில்லியம்ஸுக்கும் நடந்தது. ஆம்ஹர்ஸ்ட் 73–32 என்று ஜெயித்தது. இன்றைய பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு அந்த ஸ்கோர் அச்சுப்பிழை போலத் தெரியும். 1955-ல் ஆம்ஹர்ஸ்ட், போடன், வெஸ்லியன், வில்லியம்ஸ் ஆகிய நான்கும் விளையாட்டை எப்படி நடத்துவது என்று ஒரு உடன்பாடு செய்துகொண்டன. அது விரிந்து 1971-ல் பதினொரு கல்லூரிகளின் நெஸ்காக் ஆனது. அந்தப் பதினொன்றில் கனெக்டிகட் காலேஜ் இல்லை, யூனியன் என்ற கல்லூரி இருந்தது. யூனியன் 1977-ல் விலகிக்கொண்டது, காலியான இடத்துக்கு 1982-ல் கனெக்டிகட் காலேஜ் வந்தது. விலகிய யூனியனின் ஐஸ் ஹாக்கி அணி பிற்பாடு முதல் டிவிஷனுக்குப் போய், 2014-ல் தேசியச் சாம்பியனாகவே ஆகிவிட்டது. கான்பரன்ஸை விட்டுப் போனவர்கள் கெட்டுப்போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் பாதை வேறு, அவ்வளவுதான்.

சரி, அந்த உடன்பாட்டில் என்ன இருக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஒரு தெருவில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டால், அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கியாவது ஆயிரத்து ஐநூறு பேருக்குப் போடுவார். இரண்டு பேருக்கும் அதில் இஷ்டம் இருக்காது. ஆனால் தனியாக நிறுத்தினால் கௌரவம் போய்விடும். ஊரே கூடி "இனிமேல் இருநூறு இலைக்கு மேல் கிடையாது" என்று கட்டுப்பாடு வைத்தால்தான் எல்லோரும் மூச்சு விடலாம். நெஸ்காக் அந்த வகைக் கட்டுப்பாடு. வில்லியம்ஸ் பயிற்சியை ஒரு மாதம் முன்னால் ஆரம்பித்தால் ஆம்ஹர்ஸ்டும் ஆரம்பித்தாக வேண்டும். ஒருவர் வீரர்களுக்குக் காசு கொடுத்தால் அடுத்தவரும் கொடுக்க வேண்டும். அதனால் யாரும் செய்வதில்லை என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, நிதியுதவி பொதுவாகக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். நெஸ்காக் இருப்பது மூன்றாம் டிவிஷனில், அங்கே எல்லாக் கல்லூரிக்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தடைதான். நெஸ்காக் அதற்கும் மேலே போய்க் கயிற்றை இறுக்குகிறது. பயிற்சி தொடங்கும் தேதி தள்ளி வரும், சீசன் இல்லாத மாதங்களில் பயிற்சியாளர் அணியைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுப்பதற்கு வரம்பு உண்டு. புட்பாலில் என்சிஏஏ பத்து ஆட்டம் வரை அனுமதிக்கிறது. நெஸ்காக்கில் ஒன்பதுதான். அதுவும் 2017 முதல்தான், அதற்கு முன்னால் எட்டு. கனெக்டிகட் காலேஜுக்குப் புட்பால் அணி கிடையாது. மீதிப் பத்துப் பேரும் ஒருவரோடு ஒருவர் ஒரு முறை மோதினால் ஆளுக்கு ஒன்பது, கணக்கு அழகாக முடிந்துவிடும். வழக்கமான சீசனில் வெளி ஆள் யாரோடும் ஆட்டமே கிடையாது. அந்த ஒன்பதும் தெருவுக்குள்ளேயே நடந்து முடிகிறது.

இதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் யார் என்பதில்தான் சிறு கல்லூரிக் கான்பரன்ஸின் குணமே இருக்கிறது. கடைசி வார்த்தை பதினொரு கல்லூரித் தலைவர்களுடையது. நம் ஊரில் முதல்வர் என்போமே, அந்த இடம். அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டு இயக்குநர்கள். நடைமுறையில் பெரும்பாலான வேலை அவர்கள் குழுவில்தான் நடக்கிறது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் பயிற்சியாளர்கள் குழு உண்டு. அவர்கள் யோசனை சொல்லலாம், முடிவு அவர்கள் கையில் இல்லை. அட்டவணையில் ஒரு ஆட்டம் கூட்ட வேண்டும் என்று சாக்கர் பயிற்சியாளர்கள் ஒருமனதாகக் கேட்டாலும், அது இயக்குநர்கள் மேஜையைத் தாண்டி, தலைவர்கள் மேஜைக்குப் போய், அங்கே ஒருவர் "தேர்வு வாரத்தோடு இடிக்கிறதே" என்றால் நின்றுவிடும். மாணவ விளையாட்டு வீரர்களுக்கும் ஒரு ஆலோசனைக் குழு இருக்கிறது.

இந்த அமைப்புக்கு அலுவலகம் என்று பார்த்தால், ஆம்ஹர்ஸ்டுக்குப் பக்கத்து ஊரான ஹேட்லியில் ஒரு சின்ன அலுவலகம். கமிஷனர் ஒருவர், அவருக்குக் கீழே கையளவு ஊழியர்கள். கமிஷனர் என்றதும் பெரிய அதிகாரி என்று நினைக்க வேண்டாம், இங்கே அவர் தலைவர்கள் சொன்னதைச் செயல்படுத்துகிறவர். அட்டவணை போடுவது, நடுவர்களை ஒதுக்கும் ஆட்களோடு பேசுவது, வாரம் ஒரு சிறந்த வீரரை அறிவிப்பது, புள்ளிவிவரம் சேர்ப்பது, கான்பரன்ஸ் போட்டிகளை நடத்துவது, யாராவது விதியை மீறினால் விசாரணை தொடங்குவது. கல்லூரிச் சந்தாவில் ஓடும் அலுவலகத்துக்கு இதுவே அதிகம்.

அட்டவணை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். உண்மையில் எல்லாத் தலைவலியும் அங்கேதான். பிராந்தியக் கான்பரன்ஸ் என்பதன் பொருளே பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம் என்பதுதான். அதிலும் ஹாமில்டனிலிருந்து கோல்பிக்குப் போக வேண்டுமானால் நல்ல சாலையில் ஏழு மணி நேரத்தை ஒட்டி ஆகும். பிப்ரவரியில் நல்ல சாலை என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால் கூடைப்பந்தில் ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளை ஜோடி சேர்த்துவிடுவார்கள். வெளியூர் அணி வெள்ளிக்கிழமை இரவு ஒரு கல்லூரியில் ஆடிவிட்டு, அங்கேயே பக்கத்தில் தங்கி, சனிக்கிழமை மதியம் ஜோடிக் கல்லூரியில் ஆடிவிட்டு ஊர் திரும்பும். ஒரு பயணம், ஒரு ஹோட்டல் இரவு, இரண்டு ஆட்டம், அநேகமாக ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு மட்டும் போகும். எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களின் கான்பரன்ஸான ஐவி லீக்கிலும் இதே முறைதான் வெகுகாலம்: ஹார்வர்டும் டார்ட்மத்தும் ஒரு ஜோடி, பென்னும் பிரின்ஸ்டனும் ஒரு ஜோடி, யேலும் பிரவுனும் ஒரு ஜோடி, கொலம்பியாவும் கார்னெலும் ஒரு ஜோடி.

நானும் வடகிழக்கில் இப்படி ஒரு சிறு கல்லூரியில் படித்தவன். ஆடத் தெரியாது. வளாக வேலையாக இரண்டு குளிர்காலம் கூடைப்பந்து ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மறக்கவே மறக்காது. ஏழு மணிக்கு ஆட்டம். ஆறரைக்கும் வெளியூர் பஸ் வரவில்லை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நடுவர்கள் வந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் விளையாட்டு இயக்குநர் போனைக் காதில் வைத்தபடி பார்வையாளர் வரிசைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். எங்கோ நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குள் இருந்த அந்தக் கல்லூரிப் பயிற்சியாளர் மறுமுனையில். "தள்ளி வைத்துவிடலாமே?" என்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டேன். பல வருடமாக ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவர் அவர். "எப்போதுக்கு?" என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு அணிகளும் கான்பரன்ஸ் கணக்கில் வருடத்துக்கு ஒரே முறைதான் மோதும். ஆளுக்குப் பத்தே பத்து கான்பரன்ஸ் ஆட்டம், எல்லா வார இறுதியும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, மறுநாள் அவர்களுக்கு வேறு ஊரில் ஆட்டம்.

பஸ் ஏழே முக்காலுக்கு வந்தது. இறங்கிய பையன்களில் இரண்டு பேர் கையில் லேப்டாப் திறந்தபடியே இருந்தது, ஒருவன் திரையில் வேதியியல் கணக்கு. ஆட்டம் எட்டரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தது. நடுவில் ஒரு தடவை பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறியைத் திருப்ப நான் மறந்துவிட்டேன். இரண்டு பயிற்சியாளர்களும் மேஜைக்கு ஓடி வந்ததில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பெரியவர் புத்தகத்தைத் திறந்து காட்டிச் சமாதானம் செய்தார். அரங்கில் மொத்தம் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ஆட்டத்தின் வெற்றி தோல்வி, பதினொரு பேரில் மேலே வரும் எட்டுப் பேருக்கான கான்பரன்ஸ் போட்டியில் யாருக்கு இடம், யார் ஊரில் கால் இறுதி என்பதையெல்லாம் மாற்றக்கூடியது. அந்தக் கால் இறுதி, பட்டியலில் மேலே இருப்பவர் ஊரில்தான் நடக்கும். பொதுவான இடம், வாடகை அரங்கு என்ற செலவெல்லாம் இல்லை.

கான்பரன்ஸ் போட்டியில் ஜெயிக்கிறவருக்கு என்சிஏஏவின் தேசியப் போட்டிக்கு நேரடி நுழைவு. கான்பரன்ஸுக்கும் தேசிய அமைப்புக்கும் நடுவில் இருக்கும் முக்கியமான கதவு இதுதான். மற்ற அணிகளைத் தேர்வுக் குழு அவர்களின் வெற்றிக் கணக்கைப் பார்த்து எடுக்கும். நெஸ்காக்கில் வேடிக்கை என்னவென்றால், வெகு காலம் அந்தக் கதவை அவர்களே சாத்தி வைத்திருந்தார்கள். தேசியப் போட்டி என்றால் சீசன் நீளும், தேர்வோடு மோதும், வேண்டாம் என்பது தலைவர்களின் நிலை. 1993-லிருந்து சோதனை முறையில் திறந்தார்கள். திறந்த பிறகு நடந்தது ஊரறிந்தது. மூன்றாம் டிவிஷனில் எல்லா விளையாட்டையும் கூட்டி மதிப்பெண் போட்டு வருடாவருடம் தரும் டைரக்டர்ஸ் கோப்பையைப் பெரும்பாலான வருடங்கள் தூக்கிக்கொண்டு போனது வில்லியம்ஸ். டஃப்ட்ஸ் ஆண்கள் சாக்கர் அணி 2014, 2016, 2018, 2019 என்று நான்கு தடவை தேசியச் சாம்பியன். கட்டுப்பாடு போட்டால் தரம் குறையும் என்று பயந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். குறையாததற்கு ஒரு காரணம், கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. இன்னொரு காரணம் அந்தக் கல்லூரிகளிடம் இருக்கும் பணமும் பெயரும். இதை நெஸ்காக் ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

பெண்கள் விளையாட்டு பற்றி ஒரு வரி. 1971-ல் ஒப்பந்தம் போட்டபோது இவற்றில் பல கல்லூரிகள் ஆண்கள் கல்லூரியாகவே இருந்தன அல்லது அப்போதுதான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தன. ஆம்ஹர்ஸ்ட் 1975 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஹாமில்டன் 1978 வரை. இன்று அட்டவணையில் பாதி பெண்கள் அணிகள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஸ்குவாஷ். ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்று இல்லை. மிடில்பரியின் பனிச்சறுக்கு அணி வேறொரு சங்கத்தில் டார்ட்மத், வெர்மான்ட் போன்ற பெரிய இடங்களோடு போட்டி போடுகிறது. மூன்றாம் டிவிஷனில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தை வீசிப் பிடித்து ஆடுவது) என்ற ஒரே விளையாட்டுக்காகப் பிக் டென்னில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்குவாஷ் நிலைமை இன்னும் விநோதம்: என்சிஏஏ அதற்குச் சாம்பியன்ஷிப்பே நடத்துவதில்லை. கல்லூரி ஸ்குவாஷுக்கென்று இருக்கும் தனிச் சங்கம்தான் அதை நடத்துகிறது. அதனால் டிவிஷன் சுவரும் கிடையாது. நெஸ்காக்குக்கென்று ஸ்குவாஷ் போட்டி உண்டு, அதோடு சீசன் முழுக்க ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனோடும் ஆடுவார்கள். ஒரு மோதலில் ஒன்பது தனித்தனி ஆட்டம், ஒன்றாம் இடத்துக்காரி எதிரணியின் ஒன்றாம் இடத்துக்காரியோடு, இரண்டாவது இரண்டாவதோடு என்று. ஐந்து ஜெயித்த அணிக்கு வெற்றி.

அந்த உலகத்தில் ட்ரினிட்டி என்ற பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். ஹார்ட்ஃபோர்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படிக்கும் கல்லூரி. பால் அசையான்டே பயிற்சியில் அதன் ஆண்கள் அணி 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 மோதல்களில் தோற்கவே இல்லை. 1999 முதல் 2011 வரை பதின்மூன்று தேசியப் பட்டம் வரிசையாக. 2012 ஜனவரியில் யேல் 5–4 என்று ஜெயித்து அதை முடித்து வைத்தது. ஸ்காலர்ஷிப் தர முடியாத கல்லூரிக்கு இது எப்படிக் கைகூடியது? உலகம் முழுக்க ஆள் தேடினார்கள். அந்த அணிகளில் இந்தியாவிலிருந்து போன பையன்கள் இருந்தார்கள், மலேசியா, ஸ்வீடன், தென் அமெரிக்கா என்று பல இடத்துப் பையன்கள் இருந்தார்கள். எதிரில் நின்ற ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தராதவை. அதனால் கை சமம். கூடைப்பந்தில் ஸ்காலர்ஷிப் இல்லாத கல்லூரி என்றால் ஒரு படி கீழே என்று அர்த்தம். ஸ்குவாஷில் மேல் வரிசையில் இருக்கும் கல்லூரிகள் பெரும்பாலும் அதைத் தராதவைதான். உங்கள் மகளுக்கு வந்த மின்னஞ்சலில் அந்த வாக்கியத்தைப் பார்த்து நீங்கள் ஏமாற்றம் அடைய வேண்டாம் என்பதற்காக இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

"பெரிய கான்பரன்ஸ் ஏதாவது பார்க்கலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவை இப்போது வேறு தொழிலில் இருக்கின்றன. பிக் டென் 2022-ல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியோடு போட்ட ஏழு வருட ஒளிபரப்பு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணம் உறுப்பினர்களுக்குள் பங்காகிறது என்றால் யார்தான் உள்ளே வர நினைக்க மாட்டார்கள்? லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பசிபிக் கரையின் பழைய கான்பரன்ஸான பேக்-12-ஐ விட்டு அங்கே தாவின. 2023 ஆகஸ்டில் ஆரிகனும் வாஷிங்டனும் பின்னாலேயே போவதாக அறிவித்தன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா, கொலராடோ ஆகியவை பிக் 12-க்கு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸுக்கு. பெர்க்லிக்கும் அட்லாண்டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே சொல்லுங்கள். நூற்றாண்டு கடந்த அந்தக் கான்பரன்ஸில் 2024-ல் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். பஸ் தூரம் என்ற கணக்கெல்லாம் போய், யுசிஎல்ஏவின் சாப்ட்பால் பெண்கள் நியூஜெர்சிக்கு விமானம் ஏறுகிறார்கள். புட்பாலுக்காகச் செய்த கல்யாணத்தில் வாலிபாலும் நீச்சலும் சீர்வரிசையாகக் கூடவே போக வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. கான்பரன்ஸ் என்பது தானாகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் என்றால், வேறிடத்தில் அதிகம் கொடுத்தால் கிளம்பிவிடுவதும் அதில் அடக்கம்.

நெஸ்காக்கை விட்டு இப்போது யாரும் கிளம்பாததற்குக் காரணம் பிரித்துக்கொள்ளப் பணமே இல்லை என்பதுதான் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்புறம், பயிற்சியாளர் சொன்ன 'அட்மிஷனில் ஆதரவு'. பணம் கொடுக்க முடியாத இடத்தில் பயிற்சியாளர் கையில் இருக்கும் ஒரே நாணயம் இதுதான். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களுக்கு, விளையாட்டுத் திறமையைக் கணக்கில் கொண்டு அட்மிஷன் அலுவலகம் இடம் தரும். அந்த எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆம்ஹர்ஸ்ட் தானே வெளியிட்ட ஒரு அறிக்கையில் வருடத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வருகிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. ஒரு வருடத்துக்குச் சேர்கிறவர்களே ஐந்நூறுக்கும் குறைவு என்பதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த அறுபத்துச் சொச்சம் புட்பால், ஹாக்கி, கூடைப்பந்து என்று பிரிந்து ஸ்குவாஷுக்கு வரும்போது விரலில் எண்ணக்கூடிய அளவுதான் மிஞ்சும். அதனால் பயிற்சியாளர் மூன்று பேருக்கு ஆதரவு தர முடியும் என்றால் முப்பது பேருக்கு மின்னஞ்சல் எழுதியிருப்பார். உங்கள் மகள் அந்த முப்பதில் எங்கே இருக்கிறாள் என்பதுதான் கேள்வி.

அதை நேராகவே கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். அவள் கேட்கட்டும், நீங்கள் கேட்க வேண்டாம். பெற்றோர் எழுதும் மின்னஞ்சல் அங்கே அவ்வளவு ரசிக்கப்படாது. உங்கள் பட்டியலில் நான் எத்தனையாவது, இந்த வருடம் எத்தனை பேருக்கு ஆதரவு தர முடியும், அணியின் ஒன்பது இடத்தில் எங்கே என்னைப் பார்க்கிறீர்கள் என்று. பிளஸ் ஒன் முடிந்த கோடையில் மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்வார். அட்மிஷன் அலுவலகம் அதை முன்கூட்டியே பார்த்து, வாய்ப்பு உண்டா இல்லையா என்று பயிற்சியாளரிடம் சொல்லும். அது உத்தரவாதம் இல்லை, என்றாலும் பெரும்பாலும் அதை நம்பலாம். ஸ்குவாஷ் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மதிப்பெண் அந்தக் கல்லூரியின் வட்டத்துக்குள் இல்லையென்றால் அங்கேயே கதை முடிந்துவிடும்.

அதற்கடுத்து, ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். அந்த வழியில் விண்ணப்பித்து இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றாக வேண்டும். வருடச் செலவோ இந்தக் கல்லூரிகளில் 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஆம்ஹர்ஸ்டும் போடனும் வெளிநாட்டு மாணவர்களுக்குக்கூட நிதி நிலைமையைப் பார்க்காமல் அட்மிஷன் முடிவு செய்து, பிறகு தேவையைப் பார்த்து உதவி தருகின்றன. மற்ற பல இடங்களில் வெளிநாட்டு மாணவி உதவி கேட்கிறாள் என்பதே அட்மிஷன் முடிவில் எடைபோடப்படும். ஆகவே பயிற்சியாளரிடம், மதிப்பெண்ணை முன்கூட்டிப் பார்க்கிற மாதிரி எங்கள் வருமான விவரத்தையும் நிதியுதவி அலுவலகம் முன்கூட்டிப் பார்த்து ஒரு உத்தேசத் தொகை சொல்லுமா என்று கேட்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகள் செய்து தருகின்றன. அந்தத் தொகை எழுத்தில் வரும்வரை ஏர்லி டிசிஷன் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் என்று மூன்று கையெழுத்து இருக்கும், உங்களுடையது இரண்டாவது.